வாதக் கட்டுரையும் சக மாணவர் விமர்சனமும்: "அருமை, நன்று" என்பதைத் தாண்ட வைப்பது எப்படி?

கரும்பலகை9 (கேள்வி):

வணக்கம். ஒன்பதாம் வகுப்புக்குத் தமிழ் எடுக்கிறேன். நாற்பது பேர், பாடவேளை 45 நிமிடம். இந்தப் பருவத்தில் ஒரு நிலைப்பாட்டை எடுத்து வாதிடும் கட்டுரையை எழுதவைக்க வேண்டும். பிறகு அவர்களே ஒருவர் கட்டுரையை ஒருவர் படித்துக் குறைநிறை சொல்ல வேண்டும். இரண்டுமே தடுக்குகிறது.

முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்ற சட்டகம் எல்லாருக்கும் கைவந்திருக்கிறது. உள்ளே வாதம்தான் இல்லை. "நூலகம் அறிவின் கோயில்" என்று ஆரம்பித்து, பயன்களை வரிசையாக அடுக்கி, "எனவே நூலகத்தைப் பயன்படுத்துவோம், வாழ்வில் உயர்வோம்" என்று முடிகிறது. உலகத்தில் யாருமே மறுக்காத ஒன்றை முந்நூறு சொல்லில் நிரூபிக்கிறார்கள்.

தாளை மாற்றிக் கொடுத்தால் நிலைமை இன்னும் மோசம். "அருமை", "கையெழுத்து அழகு", "ஒற்றுப்பிழை இருக்கிறது", அவ்வளவுதான். மதிப்பெண் போடச் சொன்னால் நண்பனுக்குப் பத்துக்குப் பத்து, ஆகாதவனுக்கு நாலு.

எங்கிருந்து பிடிப்பது? விமர்சிப்பதை எப்படிக் கற்றுக்கொடுப்பது? மதிப்பெண் போட விடலாமா, கூடாதா?

---

பத்திபிரிப்பான்:

தலைப்பிலிருந்து பிடியுங்கள். "நூலகத்தின் பயன்கள்" என்று கொடுத்தால் பயன்கள்தான் வரும், பிள்ளைகள் மேல் தப்பில்லை. வாதக் கட்டுரைக்குப் பொருளைக் கொடுக்காமல் சிக்கலைக் கொடுக்க வேண்டும். "பள்ளி நூலகம் உணவு இடைவேளையில் பூட்டிக் கிடக்கிறது. அப்படியே இருக்கலாமா?" என்று கேட்டுப் பாருங்கள். இதில் முடிவெடுக்கும் அதிகாரம் உள்ள ஒருவர் இருக்கிறார், தலைமையாசிரியர். அவர் மறுக்க நியாயமான காரணங்கள் உண்டு: மேற்பார்க்க ஆள் இல்லை, புத்தகம் தொலையும். மாணவர் கண்ணால் பார்த்து, எண்ணி, விசாரித்துச் சேகரிக்கக்கூடிய தகவலும் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்று குறைந்தாலும் அந்தத் தலைப்பை ஒதுக்கிவிடுவேன். "அறிவியல் ஆக்கமா, அழிவா" பட்டிமன்றத்துக்குச் சரி. முந்நூறு சொல் எழுதும் மாணவர் கையில் அதற்கான சான்று ஒன்றுகூட இருக்காது. சான்று இல்லாத இடத்தில்தான் "அறிவின் கோயில்" வந்து உட்கார்ந்துகொள்கிறது.

அடுத்தது நிலைப்பாட்டு வாக்கியம். கட்டுரையைத் தொடும் முன் இந்த ஒரு வாக்கியத்துக்கே ஒரு முழுப் பாடவேளை கொடுங்கள். யார், எதைச் செய்ய வேண்டும், ஏன்? மூன்றும் ஒரே வாக்கியத்தில் வர வேண்டும்.

"பள்ளி நிர்வாகம் உணவு இடைவேளையில் 25 நிமிடம் நூலகத்தைத் திறந்துவைக்க வேண்டும்; ஏனென்றால் பேருந்தில் வரும் மாணவர்களுக்குப் பள்ளி விட்ட பிறகு அங்கே போக நேரமே கிடைப்பதில்லை."

எழுதிய வாக்கியத்தை இரண்டு விதமாகச் சோதிக்கலாம். "வேண்டும்" என்பதை "வேண்டாம்" என்று மாற்றிப் படிக்கச் சொல்லுங்கள். நிதானமான ஒருவர் அதையும் சொல்லக்கூடும் என்றால் அது வாதம். "நூல்களை நேசிக்க வேண்டாம்" என்று எவரும் சொல்லப்போவதில்லை, ஆகவே "நூல்களை நேசிக்க வேண்டும்" என்பது நிலைப்பாடு ஆகாது. இரண்டாவது, "ஏனென்றால்" என்பதற்குப் பின்னால் வருவது முன்னால் சொன்னதன் மறுபதிப்பா என்று பார்ப்பது. "திறக்க வேண்டும், ஏனென்றால் திறந்திருப்பது மிகவும் அவசியம்" என்ற மாதிரி வாக்கியங்கள் நீங்கள் நினைப்பதைவிட அதிகமாக வரும். கரும்பலகையில் ஏழெட்டை எழுதி வகுப்பே சேர்ந்து தேறியது, தேறாதது என்று பிரிக்கட்டும். விமர்சனப் பயிற்சியும் அங்கேயே தொடங்கிவிடுகிறது.

இனி பத்தி. எல்லாரும் "காரணம் சொல், சான்று கொடு" என்று கற்றுக்கொடுக்கிறோம். அந்தச் சான்று ஏன் அந்தக் காரணத்தைத் தாங்குகிறது என்ற இணைப்பை விட்டுவிடுகிறோம். வாதத்தின் உறுப்புகளை ஆறாகப் பிரித்துக் காட்டிய பிரிட்டிஷ் தத்துவ அறிஞர் ஸ்டீபன் டூல்மின் (1958) இந்த இணைப்பைத் தனி உறுப்பாகவே வைத்தார். ஒன்பதாம் வகுப்புக்கு ஆறும் வேண்டாம். நிலைப்பாடு, சான்று, இணைப்பு, மறுப்பு என்ற நாலு போதும். மாணவர் எழுதும் மாதிரி ஒரு பத்தி:

"எங்கள் வகுப்பில் 40 பேரில் 26 பேர் பேருந்தில் வருகிறார்கள். ஆகவே நூலகத்தை மதியம் திறக்க வேண்டும்."

இரண்டு வாக்கியத்துக்கும் நடுவில் பள்ளம். பேருந்தில் வருவதற்கும் மதியத்துக்கும் என்ன சம்பந்தம்? அதை நிரப்பினால் இப்படி ஆகும்:

"எங்கள் வகுப்பில் 40 பேரில் 26 பேர் பேருந்தில் வருகிறார்கள். நூலகம் 4 மணிக்குத்தான் திறக்கிறது, பேருந்து 4.15க்குக் கிளம்பிவிடுகிறது. கால் மணி நேரத்தில் புத்தகம் தேடி, பதிவேட்டில் எழுதிவிட்டு நிறுத்தத்துக்குப் போய்ச்சேர முடியாது. இந்த 26 பேரும் பள்ளியில் ஓய்வாக இருக்கும் நேரம் உணவு இடைவேளை ஒன்றுதான்."

"அதனால் என்ன?" என்று ஒவ்வொரு சான்றுக்குப் பின்னும் கேட்கப் பழக்கினால் இது தானாக வரும். வரைவில் காரணத்தின் கீழ் நேர்கோடு, சான்றின் கீழ் அலைக்கோடு, இணைப்பின் கீழ் இரட்டைக்கோடு போடச் சொல்லுங்கள். இரட்டைக்கோடு இல்லாத பத்தி முடியாத பத்தி. நீங்கள் வகுப்பில் ஒரு சுற்று நடந்தாலே யாருக்கு எங்கே இடறுகிறது என்று தெரிந்துவிடும்.

அளவு: 320 சொல் என்று வையுங்கள். தொடக்கம் 50, காரணப் பத்தி இரண்டு, ஒவ்வொன்றும் 80, எதிர்வாதமும் பதிலும் 80, முடிவு 30. மூன்று காரணம் வேண்டும் என்று கேட்காதீர்கள். மூன்றாவது காரணம் பெரும்பாலும் முதலாவதுதான், சட்டை மாற்றிக்கொண்டு வந்திருக்கும். இருக்கும் இரண்டில் வலுவானதைப் பின்னால் வைப்பது நல்லது, படிப்பவர் மனதில் கடைசியில் நிற்பது அதுதான். தொடக்கப் பத்தியைக் கடைசியில் எழுத விட்டால் பாதி வெற்றலங்காரம் குறையும்.

---

ஓரக்குறிப்பு:

மேலே சொன்னது எழுத்துக்கு. விமர்சனத்துக்கு வருகிறேன்.

"அருமை" என்று எழுதும் பிள்ளைக்குச் சோம்பல் இல்லை. எதைப் பார்க்க வேண்டும் என்று தெரியாது. தெரிந்தாலும் சொன்னால் சண்டை வரும் என்ற பயம். எழுத்துப்பிழையைத் தேடிப் போவதும் அதனால்தான். அது ஒன்றுதான் சந்தேகத்துக்கு இடமில்லாத தப்பு, யாரும் கோபித்துக்கொள்ள முடியாது. ஆகவே முதல் சுற்றில் பிழைதிருத்தத்தைத் தடை செய்யுங்கள். சிவப்பு மையே கூடாது, பென்சில் மட்டும். எப்படியும் மாறப்போகிற, சில இடங்களில் வெட்டப்படப்போகிற பத்தியில் ஒற்றெழுத்தைத் திருத்துவது வீண் உழைப்பு. அதற்கு ஆகக் கடைசியில் பத்து நிமிடம் தனியாக வைத்துக்கொள்ளலாம்.

தாள் மாற்றும் நாளுக்கு முந்தைய வகுப்பில் ஒரு மாதிரிக் கட்டுரையை வைத்துப் பயிற்சி கொடுத்தே ஆக வேண்டும். அது உங்கள் வகுப்பு மாணவருடையதாக இருக்கக் கூடாது. நீங்களே எழுதுங்கள், வேண்டுமென்றே மூன்று ஓட்டை வைத்து: சான்று இல்லாத ஒரு காரணம், இணைப்பு இல்லாத ஒரு பத்தி, முன்னுக்குப் பின் முரணான ஓர் இடம். கூடவே உண்மையிலேயே நல்ல ஒரு பத்தியும் இருக்கட்டும். இல்லாவிட்டால் விமர்சனம் என்றாலே குறை தேடுவது என்று முடிவு கட்டிவிடுவார்கள்.

அந்த மாதிரியின் மேல் கற்றுக்கொடுக்க வேண்டியது ஒரே ஒரு குறிப்பு வடிவம்: எந்த இடம், படிக்கும்போது எனக்கு என்ன ஆயிற்று, என்ன செய்தால் சரியாகலாம். உதாரணம்:

வேண்டாதது: "சான்று போதவில்லை."

வேண்டியது: "மூன்றாம் பத்தியில் 'பலரும் இதை விரும்புகிறார்கள்' என்று இருக்கிறது. யார், எத்தனை பேர் என்று தெரியாததால் இந்த இடத்தில் எனக்கு நம்பிக்கை வரவில்லை. வகுப்பில் கைதூக்கச் சொல்லி எண்ணிய எண்ணிக்கை இருந்தால் போடலாம்."

பாராட்டுக்கும் இதே வடிவம்தான். "பேருந்து நேரத்தை நிமிடக் கணக்கில் சொன்ன இடத்தில் மறுக்க வழியில்லாமல் போனது" என்பது எழுதியவருக்கு உதவும் பாராட்டு. அடுத்த கட்டுரையில் அதையே திரும்பச் செய்வார். "அருமை" என்பதை வைத்துக்கொண்டு எதையும் செய்ய முடியாது.

உங்கள் 45 நிமிடத்துக்கு இப்படிப் பிரிக்கலாம். மூவர் குழு. நாற்பது பேருக்குப் பன்னிரண்டு மூவர், மிச்சம் நால்வர் ஒரு குழு. இருவர் வேண்டாம், ஒருவர் சொதப்பினால் மற்றவருக்கு எதுவுமே கிடைக்காது. முதல் 4 நிமிடம் எழுதியவர் தன் தாளின் தலையில் ஒரு கேள்வி எழுதுகிறார்: "என் இரண்டாவது காரணம் நம்பும்படி இருக்கிறதா?" என்பது மாதிரி. தாள் வலப்பக்கம் போகிறது. 12 நிமிடம் மௌன வாசிப்பு, ஓரத்தில் குறிப்பு. மறுபடி வலப்பக்கம், இன்னொரு 12 நிமிடம். தாள் எழுதியவரிடம் திரும்புகிறது. பிறகு ஆளுக்கு 4 நிமிடம் பேச்சு, மூன்று பேருக்கு 12. மீதி 5 நிமிடத்தில் எழுதியவர் தான் மாற்றப்போவதை இரண்டு வரியில் குறித்துக்கொள்கிறார். நால்வர் குழுவிலும் இரண்டே சுற்றுதான், பேச்சு மட்டும் ஆளுக்கு 3 நிமிடம்.

அந்த 12 நிமிடம் எதற்கு என்றால், 320 சொல்லை ஒருமுறை படிக்க 3 நிமிடம் போதும், ஆனால் இரண்டு முறை படிக்க வேண்டும். முதல் முறை பென்சிலைக் கீழே வைத்துவிட்டு. கையில் பென்சிலோடு படிப்பவர் வாக்கியத்தைத்தான் பார்ப்பார், வாதத்தைப் பார்க்க மாட்டார். இரண்டாம் முறை படிக்கும்போது ஒவ்வொரு பத்திக்கும் பக்கத்தில் அது என்ன சொல்கிறது என்று ஐந்தாறு சொல்லில் எழுத வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். தான் நினைத்ததும் படித்தவர் எழுதியதும் ஒத்துப்போகாவிட்டால், எங்கே குழப்பம் என்று எழுதியவருக்கு அப்போதே விளங்கிவிடும். யாரும் "தப்பு" என்று சொல்லவே தேவையில்லை. தயங்குகிற பிள்ளைகூட இதைச் செய்துவிடும், ஏனென்றால் இது தீர்ப்பு கிடையாது, வெறும் சுருக்கம். அதற்கு மேல் மூன்று குறிப்பு போதும்: ஒன்று எதை மாற்றக் கூடாது, ஒன்று எங்கே தடுக்கியது, ஒன்று மேலே கேட்ட கேள்விக்குப் பதில்.

பேச்சு நேரத்தில் எழுதியவர் வாய் திறக்கக் கூடாது, கேட்டுக் குறித்துக்கொள்ள மட்டுமே. இதில் கறாராக இருங்கள். "இல்ல, நான் என்ன சொல்ல வந்தேன்னா" என்று ஆரம்பித்தால் அந்த நாலு நிமிடமும் போய்விடும். சொல்ல வந்தது தாளில் இல்லை என்பதுதானே பிரச்சினை.

---

பாயிரம்படி:

இரண்டு பதிலுமே பயனுள்ளவை. ஒன்று சேர்க்கிறேன். விமர்சனம் செய்யப் பிள்ளைகளிடம் சொல் இல்லை என்கிறோம். நன்னூல் பாயிரத்திலேயே இருக்கிறது. பவணந்தியார் ஒரு நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை வரிசைப்படுத்துகிறார்: குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயன் இன்மை.

பத்தையும் மனப்பாடம் செய்யவைத்தால் காரியம் கெட்டுவிடும். வாதக் கட்டுரைக்கு ஐந்து போதும்.

குன்றக் கூறல்: பத்திபிரிப்பான் சொன்ன அந்த இணைப்பு விட்டுப்போவது இதுதான்.

மாறுகொளக் கூறல்: இரண்டாம் பத்தியில் "மேற்பார்க்க ஆளே தேவையில்லை", நாலாம் பத்தியில் "ஓர் ஆசிரியர் முறைவைத்து மேற்பார்க்கலாம்". எதிர்வாதத்துக்குப் பதில் சொல்லும் அவசரத்தில்தான் பெரும்பாலும் இது நேரும். ஆகவே படிப்பவர் அந்தப் பத்தியை மற்ற பத்திகளோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.

மற்றொன்று விரித்தல்: நூலக நேரம் பற்றிய கட்டுரையில் உலகின் பெரிய நூலகங்கள் பற்றி அரைப்பக்கம். தகவல் சரியாக இருக்கும், அதனாலேயே எழுதியவருக்கு வெட்ட மனம் வராது.

வெற்றெனத் தொடுத்தல்: கோயில், கலங்கரை விளக்கம், வற்றாத ஊற்று. ஒரு வாக்கியத்தை நீக்கிப் பார், வாதம் நொண்டுகிறதா? நொண்டாவிட்டால் அது இந்த வகை.

சென்று தேய்ந்து இறுதல்: முதல் பத்தி பொறி பறக்கும், கடைசிப் பத்தி இரண்டு வரியில் தேய்ந்து போகும். மாணவர் கட்டுரையில் இதற்குக் காரணம் பெரும்பாலும் நேரம். வீட்டில் முன்னுரைக்கு ஒரு மணி நேரம் செலவழித்திருப்பார்கள்.

"சென்று தேய்ந்து இறுதல், நாலாம் பத்தி" என்று ஓரத்தில் எழுதினால் யாருக்கும் சுருக்கென்று படுவதில்லை. "கடைசியில சொதப்பிட்ட" என்றால் படும். குற்றத்துக்கு ஒரு பொதுப்பெயர் இருக்கும்போது பேச்சு எழுதியவரை விட்டு எழுத்தின் மேல் திரும்புகிறது. ஆனால் பெயரை மட்டும் எழுதிவிட்டு ஓட விடாதீர்கள். இடமும் காரணமும் கூட வர வேண்டும், ஓரக்குறிப்பு சொன்ன வடிவத்தில்.

எதிர்வாதம் பற்றி மேலே விரிவாக யாரும் சொல்லவில்லை. அதே பாயிரத்தில் ஏழு மதங்கள், அதாவது நூலாசிரியர் பிறர் கருத்தை அணுகும் கொள்கைகள், வருகின்றன. அதில் "பிறர்தம் மதமேற்கொண்டு களைவு" ஒன்று. மற்றவர் கொள்கையை முதலில் ஏற்றுக்கொண்டு, பிறகு களைவது. இந்த முறையில் ஏற்பது பாதி வேலை. மாணவர்கள் அதைத் தாண்டிக் குதித்துவிடுகிறார்கள்: "சிலர் இதை எதிர்ப்பார்கள், அது தவறு." யார் எதிர்ப்பார், ஏன் எதிர்ப்பார் என்றே இல்லை. அல்லது எதிராளியை முட்டாளாக்கி எழுதுவார்கள்: "மாணவர்கள் படிப்பதே சிலருக்குப் பிடிக்கவில்லை." அப்படி ஒரு தலைமையாசிரியர் எங்கும் இல்லை, ஆகவே அவரிடம் இந்தக் கட்டுரை செல்லுபடியாகாது.

செய்ய வேண்டியது இது. எதிர்வாதத்தை இரண்டு வாக்கியத்தில், எதிராளி படித்தால் "ஆமாம், நான் சொல்வது இதுதான்" என்று ஒத்துக்கொள்ளும்படி எழுதுவது. அதில் உண்மை எவ்வளவோ அதை ஒப்புக்கொள்வது. பிறகு எஞ்சியதற்குப் பதில்.

"இடைவேளையில் மேற்பார்க்க ஆசிரியர் இல்லை என்பது நிர்வாகத்தின் கவலை. ஆசிரியர்களுக்கும் உணவு நேரம் அதுதான் என்பதால் இந்தக் கவலை நியாயமானது. ஆனால் ஐந்து நாளும் திறக்க வேண்டியதில்லை. வாரத்தில் இரண்டு நாள் திறந்து, புத்தகம் எடுப்பதையும் திருப்புவதையும் மட்டும் அனுமதித்தால், நூலகருக்கு உதவியாக மாணவர் இருவர் போதும்."

கவனியுங்கள், இதை எழுதியதும் நிலைப்பாடே சற்று மாறிவிட்டது. "25 நிமிடம் தினமும்" என்பது "வாரத்தில் இரண்டு நாள்" ஆயிற்று. அப்படியானால் முதல் பத்திக்குத் திரும்பிப் போய் நிலைப்பாட்டு வாக்கியத்தைத் திருத்த வேண்டும். இந்தத் திரும்பிப் போதல் நடந்தால்தான் மாணவர் வாதிடக் கற்றுக்கொள்கிறார் என்று அர்த்தம். பெரும்பாலானவர்கள் போக மாட்டார்கள். மாறுகொளக் கூறல் பிறக்குமிடமும் இதுவே.

---

கரும்பலகை9:

எல்லாருக்கும் நன்றி. பத்தியைச் சுருக்கி எழுதவைப்பது நாளைக்கே செய்யக்கூடியது. இரண்டு சந்தேகம். ஒன்று, மதிப்பெண் கேள்விக்குப் பதில் வரவில்லை. இரண்டு, எழுதவே திணறும் பிள்ளையும் நன்றாக எழுதும் பிள்ளையும் ஒரே குழுவில் இருந்தால், திணறும் பிள்ளையின் குறிப்பால் மற்றவருக்கு என்ன லாபம்? பெற்றோர் இதைக் கேட்பார்கள்.

---

மசிப்புள்ளி:

மதிப்பெண் வேண்டாம். மதிப்பெண் என்ற ஒன்று தாளில் ஏறிவிட்டால் குறிப்பை யாரும் படிப்பதில்லை. "ஏன் ஆறு?" என்பதே பேச்சாகிவிடும். கட்டுரைக்கு மதிப்பெண் போடுவது உங்கள் வேலை. ஆனால் விமர்சனம் செய்ததற்கு நீங்கள் மதிப்பெண் போட வேண்டும், அதுவும் எல்லாருக்கும் தெரியும்படி. மொத்தம் 25 என்றால் இறுதிக் கட்டுரைக்கு 15, கொடுத்த குறிப்புகளுக்கு 5, மாற்றக் குறிப்புக்கு 5. குறிப்பு சரியா தப்பா என்று பார்க்காதீர்கள். இடம் சுட்டியிருக்கிறதா, காரணம் சொல்லியிருக்கிறதா, செய்யக்கூடிய யோசனை இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். ஒரு தாளுக்கு அரை நிமிடம்கூட ஆகாது.

மாற்றக் குறிப்பு என்று நான் சொல்வது இறுதிக் கட்டுரையோடு இணைக்கும் அரைப்பக்கம். வந்த குறிப்புகளில் எதை ஏற்றேன், எதை ஏற்கவில்லை, ஏன். ஏற்காமல் விடும் உரிமையை வாய்விட்டுச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, படித்தவர் சொன்னதையெல்லாம் அப்படியே செய்து, இரண்டு பேர் எதிரெதிராகச் சொன்னதையும் சேர்த்துக் கட்டுரையைக் கந்தலாக்குவார். இன்னொன்று, எதையுமே மாற்றாமல் நல்ல கையெழுத்தில் திரும்ப எழுதிக் கொடுப்பார். "இரண்டாம் காரணத்தை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை, ஏனென்றால் அது தலைமையாசிரியருக்குச் செலவில்லாத தீர்வு என்பதைக் காட்டும் ஒரே இடம்" என்று எழுதும் மாணவர் தன் கட்டுரையின் கட்டுமானத்தைப் புரிந்துகொண்டுவிட்டார். அதற்கு ஐந்துக்கு ஐந்து தாராளமாகப் போடலாம்.

பெற்றோர் கேள்விக்கு: இந்தப் பயிற்சியில் கூடுதல் லாபம் குறிப்பைப் பெறுபவருக்குத்தான் என்று நாம் எல்லாரும் நினைக்கிறோம். லண்ட்ஸ்ட்ராம், பேக்கர் என்ற இருவர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலத்தை இரண்டாம் மொழியாகக் கற்றவர்களில் ஒரு பிரிவினர் பிறர் கட்டுரைக்குக் குறிப்பு சொல்ல மட்டும் பழகினார்கள், இன்னொரு பிரிவினர் வந்த குறிப்பை வைத்துத் திருத்த மட்டும் பழகினார்கள். எழுத்தில் கூடுதலாக முன்னேறியவர்கள் குறிப்பு சொன்னவர்களே, அதிலும் தொடக்கநிலையில் இருந்தவர்களிடம் முன்னேற்றம் சற்றுத் தெளிவாகத் தெரிந்தது. தாய்மொழி வகுப்புக்கு அது அப்படியே பொருந்துமா என்பது வேறு விஷயம். காரணம் ஊகிக்கக்கூடியதுதான். தன் எழுத்தில் விட்டுப்போன இணைப்பை மனம் தானே நிரப்பிக்கொண்டு படிக்கும். அடுத்தவர் எழுத்தில் அப்படி நிரப்ப முடியாது, தடுக்கி விழுந்தே ஆக வேண்டும். அந்தத் தடுக்கலைப் பழகிய கண்ணோடு தன் தாளுக்குத் திரும்புகிறார்.

திணறும் பிள்ளையின் குறிப்பால் நன்றாக எழுதும் பிள்ளைக்கு லாபம் உண்டா என்றால், உண்டு. "இந்தப் பத்தி எனக்குப் புரியவில்லை" என்று சொல்லும் வாசகர் அவருக்குக் கிடைப்பதே அபூர்வம். சொல்வளத்தால் ஓட்டையை மூடத் தெரிந்தவர் அவர், அந்தப் பூச்சுக்கு மயங்காத ஒருவர் வேண்டும். எழுதத் திணறும் பிள்ளைக்கு ஓரத்தில் எழுதுவது கடினம் என்றால் அடையாளங்கள் கொடுங்கள்: நம்பிய இடத்தில் டிக், புரியாத இடத்தில் கேள்விக்குறி, "அதனால் என்ன?" என்று தோன்றிய இடத்தில் அம்புக்குறி. பேச்சு நேரத்தில் அந்த அடையாளத்தைக் காட்டி வாயால் சொல்லட்டும்.

ஓரக்குறிப்போடு ஓர் இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. எழுதியவர் வாயே திறக்கக் கூடாது என்பது முதல் மூன்று நிமிடத்துக்குச் சரி. கடைசி ஒரு நிமிடம் கேள்வி கேட்க விட வேண்டும். பதில் சொல்ல வேண்டாம், தன் தரப்பை விளக்கவும் வேண்டாம், கேள்வி மட்டும்: "நீ கேள்விக்குறி போட்டது முதல் வாக்கியத்துக்கா, பத்தி முழுவதற்குமா?" இது இல்லாவிட்டால் பாதிக் குறிப்பு வீட்டுக்குப் போனதும் புரியாமல் போகும்.

நண்பன், ஆகாதவன் விவகாரம். பெயருக்குப் பதில் எண் போட்டுத் தாளை மாற்றலாம் என்று சிலர் சொல்வார்கள். ஒரே வகுப்பில் கையெழுத்தைப் பார்த்ததுமே ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள், ஒளித்து வைத்ததே விளையாட்டாகிவிடும். அடுத்த பிரிவோடு மாற்றிக்கொள்ள முடிந்தால் மட்டும் எண் முறை பலன் தரும், ஆனால் அதில் நேர்ப்பேச்சு போய்விடும். என் தேர்வு: பெயரோடு, குழுவை நீங்களே பிரித்து, நெருங்கிய நண்பர்களைத் தனித்தனிக் குழுவில் போட்டு, நாலைந்து வாரம் அதே குழுவை வைத்துக்கொள்வது. மதிப்பெண் இல்லை என்றாலே பகையில் பாதி வடிந்துவிடும்.

---

ஓரக்குறிப்பு:

கடைசி ஒரு நிமிடக் கேள்வி, ஏற்கிறேன். ஆனால் மணி பார்க்க ஒரு மாணவரை நியமியுங்கள், இல்லாவிட்டால் அந்த ஒரு நிமிடம் ஐந்தாகும்.

---

பத்திபிரிப்பான்:

நடைமுறையில் இடிக்கும் இரண்டு விஷயத்தை யாரும் சொல்லவில்லை.

வரைவு எழுதாமல் வரும் பிள்ளைகள். நாற்பதில் ஐந்தாறு பேராவது இருப்பார்கள். அவர்களைக் குழுவில் வெறுங்கையோடு உட்காரவைத்தால் மற்ற இருவர் கொடுக்கல்வாங்கலும் கெடும். பின்வரிசையில் வைத்து எழுதச் சொன்னால் அடுத்த முறை பத்துப் பேர் எழுதாமல் வருவார்கள். அவர்கள் கையில் அன்றைக்கு நிலைப்பாட்டு வாக்கியமும் இரண்டு காரணமும் ஒரு எதிர்வாதமும் மட்டும் கொண்ட அரைத்தாள் இருந்தால் போதும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வகுப்பின் முதல் 4 நிமிடத்தில் அதை எழுதிவிடலாம். வாதத்தின் எலும்பை விமர்சிக்க அது போதுமானது. அவர்களும் இரண்டு முழுக் கட்டுரையைப் படித்துக் குறிப்பு சொல்லத்தான் வேண்டும், அந்த 5 மதிப்பெண் அவர்களுக்கும் உண்டு. வரைவு இல்லாததற்கான இழப்பு மாற்றக் குறிப்பில் தானாக வந்துவிடும், தனியாகத் தண்டிக்க வேண்டாம்.

இன்னொன்று, இணையத்திலிருந்தோ செயற்கை நுண்ணறிவுச் செயலியிலிருந்தோ எடுத்துவந்த கட்டுரை. துப்பறிய வேண்டியதில்லை. நிலைப்பாட்டு வாக்கியமும் சான்றுப் பட்டியலும் வகுப்பிலேயே கையால் எழுதப்பட்டு உங்களிடம் இருக்கட்டும். சான்றில் ஒன்றாவது மாணவரே எண்ணியதாகவோ விசாரித்ததாகவோ இருக்க வேண்டும் என்று விதி வையுங்கள்: எத்தனை பேர் பேருந்தில் வருகிறார்கள், போன வாரம் பதிவேட்டில் எத்தனை பேர் கையெழுத்திட்டார்கள். அந்த எண் இறுதிக் கட்டுரையில் இணைப்போடு வந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். வெளியிலிருந்து வந்த கட்டுரையில் அது ஒட்டுப்போட்ட மாதிரி தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும், குழுவில் படிக்கும் இருவரே "இது ஏன் இங்க இருக்கு?" என்று கேட்டுவிடுவார்கள்.